வாளியின் நடுக்கோடு

பேக்கரிப் பாணை இரண்டாகப் பங்கு போடச் சொன்னால் நாங்கள் எல்லாரும் பிய்ப்போம். மாமி அளப்பார். பாணைப் பலகையில் கிடத்தி, ஒரு நூலை அதன் நீளத்துக்குப் பிடித்து, அந்த நூலை இரண்டாக மடித்து, மடிப்பு விழுந்த இடத்தில் நகத்தால் கீறிவிட்டு அதன் பிறகுதான் கத்தியை எடுப்பார். பசியோடு நிற்கிறவர்களுக்கு இது பெரிய சோதனை. "மாமி, பாண் காயப்போகுது" என்று யாராவது பகிடி விட்டால், "காஞ்சாலும் பரவாயில்லை, ஒருத்தருக்குக் குறையக்கூடாது" என்பார்.

சொந்த மாமி இல்லை. ஊரில் எல்லாருக்கும் அவர் மாமி, அவ்வளவுதான். இந்தியாவில் அகதி முகாம்களில் இருந்து திரும்பி வந்த இருபத்திரண்டு குடும்பங்களுக்கு மன்னார்த் தீவில், தலைமன்னார் றோட்டில் இருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு மணல் காணியைத் துண்டு போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் துண்டுக்கு மூன்று துண்டு தள்ளி மாமியுடையது. மாமிக்குப் புருசன் முகாமிலேயே போய்விட்டார். ஒரே மகன் அங்கேயே கல்யாணம் கட்டி நின்றுவிட்டான். மாமி ஒரு சூட்கேசும் மாதா படமும் ஒரு வெள்ளைப் பெயின்ற் வாளியுமாகத் தனியாக வந்து இறங்கியவர். எங்களுக்கு ஒரு வருசம் முந்தி வந்தபடியால் முதல் கட்டத்திலேயே அவருக்கு வீட்டுத்திட்டம் கிடைத்து, நாங்கள் வரும்போது வீடு கட்டி முடிந்திருந்தது. இரண்டு அறை, ஒரு விறாந்தை, பின்னால் சமைக்கத் தகரம் போட்ட ஒரு குசினி.

எங்கள் கதை வேறு. நாங்கள் பிளாஸ்ரிக் தறப்பாள் கொட்டிலில் இருந்துகொண்டு வீட்டைக் கட்டத் தொடங்க வேண்டும். அத்திவாரம் போட்டுக் காட்டினால்தான் சுவருக்கு உதவி வரும். சுவர் எழும்பினால்தான் கூரைக்கு வரும். அத்திவாரத்தை மாரி தொடங்குவதற்கு முன்னர் முடிக்காதவர்களின் பெயர் அடுத்த பட்டியலுக்குப் போகும் என்று கந்தோரில் சொல்லிவிட்டார்கள். அடுத்த பட்டியல் எப்போது வரும் என்று கந்தோரிலேயே தெரியாது.

சீமெந்தும் மணலும் ஆளுக்குச் சமமாகத்தான் வந்தது. தண்ணீர்தான் வரவில்லை. எங்கள் வளவுகளில் எங்கே தோண்டினாலும் ஐந்தடியில் தண்ணீர் இருக்கும், வாயில் வைத்தால் உப்பு. உப்புத் தண்ணீரில் குழைத்த சீமெந்துக் கல் முதலில் நல்ல கல் மாதிரித்தான் இருக்கும். பிறகு வெள்ளையாகப் பூத்து, விரலால் சுரண்டினால் மாவாகக் கொட்டும். நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றே ஒன்று, கோயில் காணியில், மணல் மேட்டுக்குக் கீழே. அதையும் காலையில் நாலு மணித்தியாலத்துக்கு மேல் இறைத்தால் அடியில் இருந்து உப்பு ஏறிவிடும். அந்த நாலு மணித்தியாலத்தை இருபத்தொரு வீடு பங்கு போட வேண்டும்.

முதல் இரண்டு கிழமையும் சண்டைதான். ஒரு வாட்டர் பம்ப், நீளமான ஒரு ஓஸ். ஓசை யாருடைய வளவுக்கு இழுக்கிறோமோ அந்த வளவில் தறப்பாள் விரித்த குழிக்குள் தண்ணீர் விழும். ஒருவருடைய மணிக்கூடு ஒன்று காட்டும், மற்றவருடைய போன் வேறு காட்டும். "நீ பிந்தித் தொடங்கினாய்", "நீ முந்தி நிப்பாட்டினாய்" என்று ஒரு நாள் ஓசையே வெட்டிப்போட்டார்கள். அன்றைக்குப் பின்னேரம் மாமி தன்னுடைய பெயின்ற் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார்.

வாளியின் அடியில், பக்கவாட்டில், நாலங்குல ஆணி ஒன்றைச் சுடவைத்து ஒரு துளை போட்டிருந்தார். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி ஒரு கல்லின் மேல் வைத்தார். துளையில் இருந்து தண்ணீர் வளைந்து பாய்ந்து கீழே வைத்த பேசினுக்குள் விழுந்தது. "இது வடிஞ்சு முடியுமட்டும் ஒரு வீட்டின்ர முறை" என்றார். "இதை எல்லாரும் பார்க்கலாம். கண் தெரிஞ்சவனெல்லாம் சாட்சி. மணிக்கூடு பொய் சொல்லும், வாளி சொல்லாது."

முகாமில் பைப்பில் தண்ணீர் வரும் ஒரு மணித்தியாலத்தைக் கடைசிக் காலத்தில் அவருடைய வரிசையில் அப்படித்தான் பிரித்தார்களாம். "அதுக்கு முந்திப் பதினேழு வருசம் நான் வரிசையில கடைசியில நிண்டனான் பிள்ளை. குடத்தை வைக்கேக்க பைப் நிண்டிடும். கடைசியில நிக்கிறவளுக்குத்தான் பங்கின்ர அருமை தெரியும்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். மாமிக்கு வீடு முடிந்துவிட்டது, குடிக்கிற தண்ணீருக்கு ஒரு குடம் போதும், யாருக்கும் சாயத் தேவையில்லை. ஊர் ஒரு மனதாக வாளியை அவரிடமே ஒப்படைத்தது.

ஒரு முறை முடியும் நேரத்தை அவர் சொல்லும் விதம் எனக்குப் பிடிக்கும். கடைசியில் தண்ணீர் வாளியின் வயிற்றோடு ஒட்டி நூலாக இறங்கும். அந்த நூல் அறுந்து சொட்டாகிற கணத்தில் ஓசை மடக்கிப் பிடித்துவிடுவார். பிறகு பேசினில் இருந்த அதே தண்ணீரைத் தூக்கி வாளிக்குள் ஊற்றுவார், அடுத்த வீட்டுக்குத் தொடங்கும். காலை முழுக்க அதே ஒரு வாளித் தண்ணீர்தான். ஒரு சொட்டும் வீணாகவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

யார் முகத்தையும் பார்க்கமாட்டார். கோயிலுக்கு மதில் கட்ட பாதர் தண்ணீர் கேட்டு வந்தபோது, "ஓம் பாதர், தாறம். செவ்வாய்க்கிழமை ஆறாவது ஆளா நில்லுங்கோ" என்றார். பாதர் சிரித்துவிட்டு அப்படியே செவ்வாய்க்கிழமை வந்து ஆறாவது ஆளாக நின்றார். மாமியின் தம்பி மகன் ஒருவன் எங்களோடு வீடு கட்டினான். அவனுடைய குழி நிரம்ப ஒரு விரற்கடை இருக்கும்போது நூல் அறுந்தது. "மாமி, ஒரு செக்கன்" என்றான். மாமி பம்பை நிற்பாட்டிவிட்டார். அவன் ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை.

மடு மாதா திருநாளுக்கு எல்லாரும் ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினின் பெட்டியில் போனோம். பெட்டியில் பாதிக்குத்தான் தறப்பாள் கட்டியிருந்தது. மாமி ஓட்டுகிறவனிடம் மொத்தம் எத்தனை மைல் கட்டை என்று கேட்டு, சரிபாதிக் கட்டையில் வண்டியை நிறுத்தி, நிழலில் இருந்தவர்களை வெயிலுக்கும் வெயிலில் இருந்தவர்களை நிழலுக்கும் மாற்றினார். முதல் பாதி தார் றோட்டு, கடகடவென்று போய்விட்டோம். இரண்டாம் பாதி கிரவல் றோட்டு, குழியும் குண்டும். வெயிலுக்கு மாறியவர்கள் மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு நேரம் காய்ந்து கருவாடாகிப் போய்ச் சேர்ந்தார்கள். முணுமுணுத்தார்கள். "கட்டைக் கணக்குச் சரிதானே, பிறகென்ன" என்றார் மாமி. எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பிலேயே எல்லாம் இருந்தது, நாங்கள்தான் கவனிக்கவில்லை.

இனி றீத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல விருப்பமில்லை, ஆனால் அவளைச் சொல்லாமல் மாமியைச் சொல்ல முடியாது.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் றீத்தாவின் வளவு. என் வயதுதான். புருசன் விட்டுவிட்டுப் போனவன். அவளோடு இருந்தது சீனி வருத்தத்தில் ஒரு கால் எடுத்த தகப்பன் மட்டும். அந்த மனிசன் தறப்பாள் கொட்டிலுக்குள் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் பகல் முழுக்க இருப்பார். மாரிக்கு முந்தி அவரை ஒரு சீமெந்துத் தரையில் இருத்திவிட வேண்டும் என்பதுதான் றீத்தாவுக்கு ஒரே நினைப்பு. ஈரமண்ணில் கால் வைத்தால் மற்றக் காலும் போய்விடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கூலிக்கு ஆள் பிடிக்காமல், கல் அச்சை வாடகைக்கு எடுத்து, தானே சீமெந்து குழைத்து, தானே அச்சில் அடித்துக் கல் வெட்டினாள். நாளுக்கு இருபத்தைந்து கல். மண்வெட்டி பிடித்த கையோடு வேலிக்கு மேலால் என்னோடு பகிடி கதைப்பாள். "தரை போட்டவுடன அப்பாவை ஆட விடுறன் பார்" என்பாள்.

ஒரு வீட்டுக்குக் கிழமைக்கு இரண்டு முறை வரும், இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு அரை வாளி என்பது ஊர்ச் சட்டம். எங்கள் வீட்டிலும் நானும் கடலுக்குப் போகிற என் மனிசனும் இரண்டே பேர். அதனால் றீத்தாவுக்கும் எனக்கும் சேர்த்து ஒரு வாளி. மாமி தன் நூலை எடுத்தார். வாளியின் விளிம்பில் இருந்து துளை வரை பிடித்து, இரண்டாக மடித்து, மடிப்பு நின்ற இடத்தில் சிவப்புப் பெயின்றால் சுற்றிவர ஒரு கோடு போட்டார். வெள்ளை வாளி என்பதால் தண்ணீர் மட்டம் வெளியே தெரியும். மட்டம் கோட்டுக்கு வந்தவுடன் ஓசை றீத்தாவின் குழியில் இருந்து என் குழிக்கு மாற்ற வேண்டும். யார் முதல் என்று கேட்டபோது றீத்தா, "எனக்கு முதல் பாதியைத் தாங்கோ மாமி, வெயில் ஏற முந்திக் கல்லை நனைக்கோணும்" என்றாள். நான் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தேன். அதற்கு மாமி என்னைப் பாராட்டவும் செய்தார்.

கல் வெட்டினால் மட்டும் போதாது. ஏழு நாளாவது விடாமல் நனைக்க வேண்டும். நனையாத கல்லும் உப்புத் தண்ணீர்க் கல்லும் ஒன்றுதான், விளிம்பு உதிரும்.

எனக்குக் கிணற்றடியில் காத்திருக்கும்போது செபமாலை சொல்லும் பழக்கம். வேறு வேலையில்லை, பத்துப் பத்து மணியாக ஐந்து பத்துமணியையும் உருட்டிக்கொண்டு இருப்பேன். மூன்றாவதோ நாலாவதோ முறை வந்தபோதுதான் எனக்கு அது தட்டுப்பட்டது. றீத்தாவின் பாதியில் மூன்றாம் பத்துமணி முடியவில்லை, மாமி "மாத்து" என்றுவிட்டார். என் பாதியில் புதிதாகத் தொடங்கினேன். ஐந்து பத்துமணியும் முடிந்து, மாதா பிரார்த்தனையும் முடிந்து, இறந்தவர்களுக்காக ஒரு பத்துமணியும் சொல்லி முடிந்தது. நூல் இன்னும் அறுந்தபாடில்லை. அடுத்த முறையும் அப்படித்தான். அதற்கு அடுத்த முறை வேண்டுமென்றே ஒரே வேகத்தில் சொல்லிப் பார்த்தேன். அப்படித்தான்.

ஏன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவளுக்குப் போகிறதைப் போல இரண்டு மடங்கு எனக்கு வருகிறது என்பது தெரியும். என் குழி நிரம்பி வழிந்தது. வழிந்த தண்ணீரில் நான் கத்தரிக் கன்று வைத்தேன். என் கல்லெல்லாம் நன்றாக ஊறி இரும்பு மாதிரி இருந்தது. சொல்லுவோம், அடுத்த முறை சொல்லுவோம் என்று நினைத்தேன். அத்திவாரம் முடியட்டும், பிறகு சொல்லுவோம் என்று நினைத்தேன். கையில் செபமாலையை வைத்துக்கொண்டுதான் இதையெல்லாம் நினைத்தேன்.

றீத்தா தானாகக் கண்டுபிடித்தாள். ஒரு நாள் தகப்பனை யாரிடமோ பார்க்கச் சொல்லிவிட்டு, கிணற்றடிக்கு வந்து வாளிக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்தாள். முதலில் பாய்ச்சல் பேசினின் அந்த விளிம்பில் போய் விழுந்தது. கோடு வந்து ஓசை மாற்றிய பிறகும் எழும்பாமல் இருந்தாள். பாய்ச்சல் பேசினின் நடுவுக்கு வந்தது, பிறகு கிட்ட வந்தது, பிறகு வாளியோடு ஒட்டியது. கடைசியில் எழும்பி, "மாமி, எனக்குக் குறையுது" என்றாள்.

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமியின் முகம் மாறிவிட்டது. அவரிடம் அப்படி ஒருவரும் சொன்னதில்லை.

"எங்க குறையுது?" என்றார்.

"முதல்ல தண்ணி ஓடுது மாமி. பிறகு நடக்குது. எனக்கு ஓடுற தண்ணி, அவளுக்கு நடக்கிற தண்ணி. கோட்டுக்கு மேல உள்ளது கெதியா முடிஞ்சிடுது."

மாமி நூலை எடுத்து அவளிடம் கொடுத்தார். "நீயே பிடி. மேல இருந்து கோடு மட்டும் பிடி. இப்ப கோட்டில இருந்து துளை மட்டும் பிடி. கூடுதோ, குறையுதோ?"

றீத்தா பிடித்துப் பார்த்தாள். மயிரிழை வித்தியாசம் இல்லை. "கோடு சரி மாமி. தண்ணிதான்..." என்று இழுத்தாள்.

"தண்ணிக்கு ஆள் பார்த்து ஓடத் தெரியுமோ பிள்ளை?" என்றார் மாமி.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான், நான் சிரித்தேன். றீத்தா நூலை மடித்து மாமியின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் கிணற்றடிக்கு வரவில்லை. பாதியை மாற்றித் தரச் சொல்லியும் கேட்கவில்லை. ஊருக்கு முன்னால் பேராசைக்காரி ஆகிவிட்டவள், இன்னொரு தரம் எப்படிக் கேட்பாள்.

குறைந்த தண்ணீரை ஈடு செய்யத் தன் வளவில் தோண்டிய குழித் தண்ணீரை எடுத்துக் கல்லை நனைத்தாள். உப்பு என்று தெரியும். நனைக்காமல் விடுவதை விட இது மேல் என்று நினைத்திருப்பாள். கந்தோரில் இருந்து அத்திவாரம் பார்க்க வந்த ரி.ஓ., அந்தத் தொழில்நுட்ப உத்தியோகத்தர், கெட்டவர் இல்லை. மோட்டச் சைக்கிள் திறப்பை எடுத்து அவளுடைய கல்லில் ஒரு கீறு கீறினார். மா கொட்டியது. இன்னொரு கல்லில் கீறினார். அதுவும் கொட்டியது. "தங்கச்சி, இதுக்கு மேல நான் சுவரை எழுப்பச் சொன்னால் அது உங்கட அப்பாவுக்கு மேலதான் விழும்" என்றார். என் வளவுக்கு வந்து கீறினார். திறப்புத்தான் தேய்ந்தது.

அந்த மாரி வழமையை விடக் கொஞ்சம் முந்தியே தொடங்கியது. றீத்தாவின் பெயர் அடுத்த பட்டியலுக்குப் போனது. கார்த்திகை முடிவதற்குள் தகப்பனுக்கு மற்றக் காலில் புண் வந்தது. அவள் கொட்டிலைப் பிரித்து, தகப்பனை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு தலைமன்னாரில் ஒரு கருவாட்டு வாடிக்கு வேலைக்குப் போய்விட்டாள். அங்கே வாடிக்குப் பின்னால் இருக்க ஒரு அறை கொடுத்தார்களாம். தைமாதம் தகப்பன் செத்துப்போனதாகக் கேள்விப்பட்டோம். மாமி செத்தவீட்டுக்குப் போய்வந்தார். நான் காய்ச்சல் என்று சொல்லிப் போகவில்லை.

இதற்குப் பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். அதையும் எப்போது திறந்தேன் என்று சொல்லிவிட வேண்டும்.

றீத்தா போன பிறகு அந்தப் பாதி வாளிக்குப் புதிதாக வந்த ஒரு புருசன் பெண்சாதி சேர்ந்தார்கள். அந்த மனிசன் கரைவலை இழுக்கப் போகிறவன். "விடியப் போனா வரப் பிந்தும் மாமி, எங்களுக்கு இரண்டாம் பாதியைத் தாங்கோ" என்றான். மாமி என்னைப் பார்த்தார். "நீ முதல் பாதியை எடு பிள்ளை. எல்லாம் ஒண்டுதானே" என்றார்.

எனக்குச் சுவர் பூச இன்னும் தண்ணீர் வேண்டியிருந்தது. அன்றைக்கு மத்தியானமே மாமியின் வீட்டுக்குப் போனேன். "மாமி, எனக்கென்னவோ அந்தக் கோடு பிழை போலக் கிடக்கு" என்றேன்.

மாமி கோபிப்பார் என்று பயந்துதான் போனேன். கோபிக்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து விறாந்தையில் வைத்தார். "போனைக் கொண்டந்தனீயோ? வை பார்ப்பம்" என்றார். வாளியை நிரப்பினோம். கோட்டுக்கு வர எடுத்தது பன்னிரண்டு நிமிசம். கோட்டில் இருந்து நூல் அறுகிற வரை இருபத்துநாலு. மாமி திரும்ப நிரப்பினார். திரும்ப அதேதான். மூன்றாம் தரம் துளைக்கு முன்னால் உள்ளங்கையை வைத்துக்கொண்டு இருந்தார், கடைசி வரை கையை எடுக்கவில்லை.

"நிறைய இருக்கேக்க மேல உள்ளது கீழ உள்ளதைத் தள்ளுது" என்றார், மெல்ல, தனக்குத்தானே பாடம் சொல்கிற மாதிரி. "குறையக் குறையத் தள்ள ஆளில்லை. அதான் நடக்குது."

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது யாருடைய வார்த்தை என்று அவருக்கு விளங்கியது. வாய் திறந்தபடி இருந்தது. ஈரக்கையைச் சீலையில் துடைக்கவும் மறந்துவிட்டார்.

"அவள் சொன்னவள்" என்றார். "அவள் சொன்னவள், நான் நூலைக் குடுத்தனான்."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மாமி அழுகிற ஆள் இல்லை, அன்றைக்கும் அழவில்லை. நாலு மாதம், கிழமைக்கு இரண்டு முறை, முறைக்கு அவளுக்குக் குறைந்த ஆறு நிமிசம் என்று கணக்குப் பார்த்தார். பாதியில் விட்டுவிட்டார். பிறகு என் கையைப் பிடித்து, "நீ கண்டு சொன்னது நல்லது பிள்ளை. வேற ஆளெண்டால் தன்ர பாட்டில இருந்திருக்கும்" என்றார்.

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைப் போல ஒன்று இல்லை. இன்றைக்கும் நித்திரை வராமல் புரளும்போது அந்த ஈரக்கைதான் நினைவுக்கு வரும்.

அடுத்த நாள் அவர் சிவப்புக் கோட்டைச் சுரண்டி அழித்துவிட்டு, போனைப் பார்த்துப் பார்த்துப் புதுக்கோடு போட்டார். அது துளைக்கு மேலே நாலு விரலில் வந்து நின்றது. பழைய கோட்டுக்கும் புதுக்கோட்டுக்கும் இடையில் ஒரு கை அகலம் இருந்தது. அந்த வாளியை என்னிடம் கொடுத்து, இனி நீயே பார் என்றார். நான் மாட்டேன் என்றேன். கரைவலைக்காரனின் பெண்சாதி வாங்கிக்கொண்டாள்.

அதற்கு அடுத்த ஞாயிறு பூசை முடிந்து நானும் மாமியும் றீத்தாவைத் தேடித் தலைமன்னாருக்கு பஸ் ஏறினோம். அங்கே நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாமி திரும்பி வந்து தன் வீட்டைப் பூட்டினார். சாமான்களை எல்லாம் தூக்கிக் குசினிக்குள் வைத்து, அங்கேயே பாயைப் போட்டுப் படுக்கத் தொடங்கினார். வீட்டை றீத்தாவின் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லிக் கந்தோருக்கு நாலைந்து தரம் போனார். திட்டத்து வீட்டை அப்படி மாற்ற ஏலாது என்றார்கள். "அப்ப நானும் இருக்கேல்லை" என்றார். மகன் இந்தியாவில் இருந்து போனில் சத்தம் போட்டான். பாதர் வந்து புத்தி சொன்னார். "பாவத்துக்குப் பரிகாரம் நீங்கள் தந்திட்டீங்கள் பாதர், பங்குக்குப் பரிகாரம் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

ஆறு மாரி அந்தக் குசினிக்குள் இருந்தார். தகரத்துக்குள்ளால் ஒழுகும், இடம் மாற்றி மாற்றி இருப்பார். பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் கறையான் ஏறி, கதவு நிலை உளுத்து, விறாந்தைத் தரையில் வெடிப்பு விழுந்தது. யாருக்கும் உதவாத வீடாகப் போனது. எல்லாருக்கும் வீடு முடிந்த பிறகு ஆளாளுக்கு மோட்டர் பூட்டிக் கோயில் கிணற்றை நினைத்த நேரமெல்லாம் இறைத்தார்கள், அதிலும் உப்பு ஏறிவிட்டது. இப்போது எங்களுக்கு பவுசர் லொறியில்தான் தண்ணீர் வருகிறது. அந்த வாளியைப் பிறகு நான் காணவில்லை. மாமி ஒரு மாசி மாதம் அந்தப் பாயிலேயே செத்துப்போனார். நெஞ்சுச் சளி என்றார்கள். நான்தான் குளிப்பாட்டினேன். கையெல்லாம் எலும்பாக இருந்தது.

இனித் தலைமன்னார்.

இறங்குதுறைக்கு இந்தப் பக்கம், கடற்கரை ஓரமாக அந்த வாடி. பாய்களில் கருவாடு பரப்பியிருந்தது. றீத்தா குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். கறுத்து, மெலிந்து, தலையில் துவாயைச் சுற்றியிருந்தாள். எங்களைக் கண்டதும் எழும்பிக் கையைத் துடைத்தாள். "வாங்கோ மாமி" என்றாள். என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். இரண்டு மீன் பெட்டிகளைக் கவிழ்த்து எங்களை இருத்தினாள்.

மாமி இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பன்னிரண்டு நிமிசம், இருபத்துநாலு நிமிசம், புதுக்கோடு, எல்லாம். "நீ சொன்னதுதான் சரி. நான்தான் பிழை. ஊருக்கு முன்னால உன்னைத்தான் நான் பிழையாக்கினனான்" என்றார். சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த வீட்டுத் திறப்பை அவிழ்த்து நீட்டினார். "இது உன்ர வீடு. இண்டைக்கே வா."

றீத்தா திறப்பை வாங்கவில்லை. கோபத்தையும் காணவில்லை. "அப்பாவுக்காகத்தான் மாமி தரை கேட்டனான்" என்றாள். "அவர் இல்லை. இனி எனக்குத் தரை எதுக்கு? இந்த மணலே போதும்."

"அப்ப நான் என்னத்தைத் திருப்பித் தாறது?" என்றார் மாமி.

"திருப்பித் தர ஒண்டும் இல்லை மாமி. நீங்கள் தெரியாமச் செய்தனீங்கள். தெரிஞ்சு செய்தாத்தான் பாவம்" என்றாள் றீத்தா.

மாமி என் தோளில் கையை வைத்தார். "இந்தப் பிள்ளைதான் கண்டு சொன்னது. இவள் சொல்லாட்டி நான் சாகுமட்டும் என்ர கோடு சரியெண்டே இருந்திருப்பன். இவள் நல்லவள் றீத்தா."

றீத்தா அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள். நாலு மாதம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என் குழி நிரம்பி வழிந்ததையும் அந்தத் தண்ணீரில் கத்தரி பூத்ததையும் பார்த்தவள் அவள்.

"எப்ப கண்டனீ?" என்று கேட்டாள்.

மாமியின் கை என் தோளில் இருந்தது. "போன கிழமை" என்றேன்.

"போன கிழமையோ?"

"ஓம்" என்றேன்.

அவள் தேத்தண்ணி போடுகிறேன் என்று உள்ளே போனாள். மாமிக்கு ஒரு கோப்பை கொண்டுவந்தாள். எனக்கும் ஒன்று கொண்டுவந்து, இரண்டு கையாலும் பிடித்து என் கையில் தந்தாள். நான் அதை வாங்கிக் குடித்தேன்.